கம்பியில் ஓடும் தபால்

"நெட்வொர்க் இல்லை. நாளைக்கு வாருங்கள்."

இந்தப் பேச்சை இன்று எல்லா ஊரிலும் கேட்கலாம். ரேஷன் கடையில் கேட்கலாம். வங்கியில் கேட்கலாம். தபால் நிலையத்திலும் கேட்கலாம்.

இதைக் கேட்டு வயதானவர்கள் திரும்பிப் போகிறார்கள். கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் திரும்பிப் போகிறார்கள். மறுநாள் மீண்டும் வர வேண்டும். மறுநாள் கூலியும் போய்விடும்.

நெட்வொர்க் என்றால் என்ன? அது எங்கே இருக்கிறது? ஏன் அறுந்து போகிறது? அறுந்தால் யார் சரி செய்ய வேண்டும்?

இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. தபால் எப்படிப் போகிறது என்று தெரிந்தவருக்கு நெட்வொர்க்கும் புரியும்.

பதிவேட்டுக் காலம்

முன்பு ரயிலில் இடம் பிடிப்பது பெரிய பாடு. ஒவ்வொரு ரயிலுக்கும் பதிவேடு இருந்தது. தேதி வாரியாகப் பக்கங்கள் இருந்தன. அந்தப் பதிவேடு ஒரு கவுண்டரில்தான் இருக்கும். வேறு ரயில் வேண்டுமா? வேறு வரிசையில் நிற்க வேண்டும். வெளியூரிலிருந்து திரும்பி வர இடம் வேண்டுமா? அந்த ஊருக்குத் தந்தி போக வேண்டும். பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

1980-களின் நடுவில் தில்லியில் கம்ப்யூட்டர் மூலம் முன்பதிவு தொடங்கியது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களுக்கும் வந்தது. ஆனால் ஒவ்வொரு மையமும் தனித்தனியாக வேலை செய்தது. 1999-இல் இந்த ஐந்து மையங்களும் ஒன்றோடு ஒன்று இணைந்தன. அதன் பிறகு எந்த ஊர்க் கவுண்டரிலும் எந்த ஊருக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது. 2002-இல் வீட்டிலிருந்தே இணையம் வழியாக எடுக்கும் வசதியும் வந்தது.

இதில் மாறியது என்ன? பதிவேடு இன்றும் இருக்கிறது. அது காகிதத்தில் இல்லை. பெரிய கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கவுண்டர்கள் அந்த ஒரே பதிவேட்டைப் பார்க்கின்றன. ஒருவர் ஒரு படுக்கையை எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு அது இல்லை என்று உடனே தெரிகிறது.

பதிவேட்டை வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர். ஹோட்டலில் இட்லி கொண்டுவருபவரையும் சர்வர் என்கிறோம். இரண்டும் ஒரே சொல்தான். கேட்டதை எடுத்து வந்து கொடுப்பது அதன் வேலை.

கவுண்டரிலிருந்து சர்வர் வரை செல்லும் பாதைதான் நெட்வொர்க்.

இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். சர்வர் நின்றால் எல்லா ஊரிலும் வேலை நிற்கும். பாதை அறுந்தால் அந்தப் பாதையில் உள்ளவர்களுக்கு மட்டும் வேலை நிற்கும்.

வலையும் முடிச்சும்

மீன் வலையைப் பாருங்கள். நூல்கள் இருக்கின்றன. நூல்கள் சேரும் இடத்தில் முடிச்சுகள் இருக்கின்றன. ஒரு நூல் அறுந்தாலும் வலை முழுவதும் அவிழ்ந்து போவதில்லை.

கம்ப்யூட்டர் வலையும் இப்படித்தான். முடிச்சு இருக்கும் இடத்தில் கம்ப்யூட்டர்களும் வேறு கருவிகளும் இருக்கின்றன. நூல் இருக்கும் இடத்தில் கம்பிகள் இருக்கின்றன. சில இடங்களில் கம்பிக்குப் பதிலாகக் காற்றில் அலைகள் போகின்றன.

ஓர் அலுவலகத்துக்குள் நாலு கம்ப்யூட்டரை இணைத்தால் அது சின்ன வலை. ஊர் ஊராக இருக்கும் சின்ன வலைகளை இணைத்தால் அது பெரிய வலை. உலகத்தின் வலைகள் எல்லாம் சேர்ந்ததுதான் இணையம்.

துண்டுக் கடிதம்

ஒருவர் நூறு பக்கக் கடிதம் அனுப்ப நினைக்கிறார். உறை எதுவும் கொள்ளவில்லை. அவர் என்ன செய்யலாம்? அந்தக் கடிதத்தைப் பல கார்டுகளில் எழுதலாம். ஒவ்வொரு கார்டிலும் பெறுபவர் முகவரி எழுத வேண்டும். அனுப்புபவர் முகவரியும் எழுத வேண்டும். மூலையில் 1, 2, 3 என்று எண் போட வேண்டும்.

கார்டுகள் ஒரே பையில் போகாது. சில இன்று போகும். சில நாளை போகும். ஐந்தாம் கார்டு முதலில் வரலாம். பெறுபவர் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்வார். நாலாம் கார்டு வரவில்லை என்றால், "நாலு வரவில்லை, மறுபடி அனுப்பு" என்று கேட்பார்.

கம்ப்யூட்டரும் இதையே செய்கிறது. படம், பாட்டு, பணம் அனுப்பும் உத்தரவு, எதுவானாலும் முதலில் துண்டாக்கும். இந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். ஒரு பாக்கெட் மிகச் சின்னது. பெரும்பாலும் சுமார் 1,500 ஆங்கில எழுத்து அளவுதான் இருக்கும். தமிழ் எழுத்து இன்னும் கூடுதல் இடம் பிடிக்கும்.

ஏன் துண்டாக்க வேண்டும்? குறுகிய தெருவில் ஒரு பெரிய லாரி நுழைந்தால் மற்ற எல்லோரும் நிற்க வேண்டும். சைக்கிள்கள் என்றால் ஒன்றன் பின் ஒன்றாகப் பலரும் போகலாம். ஒரே கம்பியைப் பல ஆயிரம் பேர் பங்கு போட்டுக்கொள்வது இதனால்தான் முடிகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. வழியில் ஒரு துண்டு தொலைந்தால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும்.

இந்த முறையில் இயங்கிய முதல் பெரிய வலை அமெரிக்காவில் தொடங்கியது. 1969 அக்டோபர் 29 அன்று கலிபோர்னியாவில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பினார்கள். இரண்டும் 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தன. "லாகின்" என்ற சொல்லை அனுப்ப நினைத்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்து எழுத்து. இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அவர்கள் பழுது பார்த்து மறுபடி அனுப்பினார்கள். முழுச் சொல்லும் போய்ச் சேர்ந்தது.

நம் நாட்டில் 1986-இல் எர்நெட் என்ற வலைத் திட்டம் தொடங்கியது. ஐ.ஐ.டி.க்கள் போன்ற கல்வி நிலையங்களை அது இணைத்தது. பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று கிடைத்தது.

முகவரி இல்லாத கடிதம் போகாது

நம் தபாலில் பின்கோடு உண்டு. அது 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஆறு இலக்கம் கொண்டது. முதல் இலக்கம் நாட்டின் பகுதியைச் சொல்லும். கடைசி இலக்கங்கள் தபால் நிலையத்தைச் சொல்லும்.

கம்ப்யூட்டருக்கும் இப்படி ஓர் எண் உண்டு. அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். நான்கு எண்கள் இருக்கும். நடுவில் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 192.168.1.1 என்பது இப்படி ஒரு முகவரி.

இந்த முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகத்தில் 800 கோடிக்கும் மேல் மக்கள் இருக்கிறார்கள். எனவே எண்கள் போதவில்லை. இதற்கு இரண்டு வழி செய்தார்கள்.

முதல் வழி, அடுக்குமாடிக் கட்டடம் போன்றது. கட்டடத்துக்குத் தெருவில் ஒரே கதவு எண். உள்ளே 1, 2, 3 என்று வீடுகள். பக்கத்துக் கட்டடத்திலும் 1, 2, 3 இருக்கும். குழப்பம் வராது. 192.168 என்று தொடங்கும் எண்கள் இப்படி உள்ளே மட்டும் வழங்கும் எண்கள்.

இரண்டாவது வழி, புதிய நீளமான முகவரி. அதுவும் இப்போது பழக்கத்தில் இருக்கிறது. பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடுகின்றன.

மனிதருக்கு இத்தனை எண்களை நினைவில் வைக்க முடியாது. பெயர்தான் நினைவில் நிற்கும். எனவே பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் கம்ப்யூட்டர்கள் தனியாக இருக்கின்றன. டெலிபோன் டைரக்டரி போன்ற வேலை இது. இந்த டைரக்டரி வேலை செய்யாவிட்டால் கம்பி நன்றாக இருந்தாலும் பக்கம் திறக்காது.

பிரித்துப் போடுபவர்

கடிதங்களை ஊர் வாரியாகப் பிரிக்கும் வேலை ஆர்.எம்.எஸ். அலுவலகத்தில் நடக்கும். பிரிப்பவர் கடிதத்தைப் படிப்பதில்லை. முகவரியைப் பார்ப்பார். சரியான அறையில் போடுவார். அடுத்த ஊரில் இன்னொருவர் பிரிப்பார்.

வலையில் இந்த வேலையைச் செய்யும் கருவிக்கு ரௌட்டர் என்று பெயர். பாக்கெட் வந்ததும் முகவரியைப் பார்க்கும். எந்தப் பக்கம் அனுப்பலாம் என்று முடிவு செய்யும். ஒரு பாதை அறுந்திருந்தால் வேறு பாதையில் அனுப்பும். வேறு பாதையே இல்லாத ஊருக்கு என்ன செய்வது? அந்த ஊர் காத்திருக்கத்தான் வேண்டும். கடைக்கோடி ஊர்களின் கஷ்டம் இதுதான். நகரத்துக்குப் பல வழி. மலை ஊருக்கு ஒரே வழி.

நான்கு பாதைகள்

பாக்கெட்டுகள் நான்கு விதமான பாதைகளில் போகின்றன.

முதலாவது, செம்புக் கம்பி. அலுவலகத்துக்குள் ஓடும் கேபிள் இதுதான். உள்ளே எட்டுக் கம்பிகள் இருக்கும். இரண்டு இரண்டாக முறுக்கியிருப்பார்கள். முறுக்கினால் பக்கத்துக் கம்பியின் தொந்தரவு குறையும். இந்தக் கேபிளை 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் இணைப்பு விட்டு விட்டு வரும்.

இரண்டாவது, கண்ணாடி இழை. இது தலைமுடி அளவே இருக்கும். இதற்குள் மின்சாரம் ஓடாது. ஒளி ஓடும். ஒரு நொடியில் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ரயில் பாதைகளின் ஓரமாக இந்த இழைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கிடக்கின்றன. அவற்றைக் கவனிக்க 2000-இல் ரெயில்டெல் என்ற அரசு நிறுவனம் உருவானது. கிராமப் பஞ்சாயத்துகள் வரை இழை போடும் திட்டத்துக்கு 2011-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அதன் இன்றைய பெயர் பாரத்நெட்.

மூன்றாவது, காற்றில் போகும் அலை. செல்போனிலிருந்து டவர் வரை அலை போகும். பலரும் எல்லாமே காற்றில் போவதாக நினைக்கிறார்கள். அது சரியல்ல. டவர் வரைதான் செல்போனின் அலை. டவருக்குப் பின்னால் பெரும்பாலும் கண்ணாடி இழைதான். எனவே எங்கோ மண்ணுக்குள் இழை அறுந்தாலும் செல்போன் நின்றுபோகலாம்.

நான்காவது, செயற்கைக்கோள். இழையும் டவரும் எட்டாத மலைக்கும் தீவுக்கும் இது உதவும். ஆனால் செலவு கூடுதல். எல்லோருக்கும் பங்கு போட்டால் வேகம் குறையும்.

அந்தமான் தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோளையே நம்பி இருந்தன. மருத்துவமனையும் கல்லூரியும் மெதுவான இணைப்பில் சிரமப்பட்டன. பிறகு சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் கண்ணாடி இழைக் கேபிள் போட்டார்கள். அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். 2020 ஆகஸ்ட் 10 அன்று அது செயல்படத் தொடங்கியது. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுகளுக்கும் இப்படி ஒரு கேபிள் வந்தது.

வெளிநாடுகளோடு இந்தியாவை இணைப்பதும் கடல் கேபிள்கள்தான். மும்பை, சென்னை, கொச்சி போன்ற ஊர்களில் அவை கரை ஏறுகின்றன. 2008 ஜனவரி இறுதியில் எகிப்துக்கு அருகே கடலுக்குள் கேபிள்கள் அறுந்தன. இந்தியாவில் இணைய வேகம் வெகுவாகக் குறைந்தது. அத்தனை தூரத்தில் அறுந்தது இங்கே தெரிந்தது.

வாய்க்காலும் தண்ணீரும்

சில சமயம் கம்பி அறுந்திருக்காது. ஆனாலும் வேலை நடக்காது. இது ஏன்?

வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். பத்து வயலுக்கு வெட்டிய வாய்க்கால் அது. நூறு வயலுக்கு ஒரே நேரத்தில் தண்ணீர் திறந்தால் கடைமடைக்கு எட்டாது. வாய்க்கால் உடையவில்லை. அகலம் போதவில்லை.

வலைக்கும் அகலம் உண்டு. ஒரு நொடியில் இத்தனை எழுத்துத்தான் போகும் என்று அளவு உண்டு. மாதத் தொடக்கத்தில் ரேஷன் கடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மெஷினை இயக்கினால் நெரிசல் வரும். காலையில் நடக்காத வேலை மதியம் நடக்கலாம்.

செல்போனில் கோடுகள் தெரிகின்றன. "டவர் முழுசாக இருக்கிறதே, ஏன் வேலை செய்யவில்லை?" என்று பலரும் கேட்பார்கள். அந்தக் கோடுகள் அலையின் பலத்தைத்தான் காட்டும். வாய்க்காலில் எத்தனை கூட்டம் என்று காட்டாது.

ஒரு விரலின் பயணம்

பீகாரிலிருந்து பஞ்சாபுக்கு வேலைக்குப் போன ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ரேஷன் கார்டு பீகாரில் இருக்கிறது. முன்பு அவருக்குப் பஞ்சாபில் அரிசியோ கோதுமையோ கிடைக்காது. ஊருக்குப் போனால்தான் கிடைக்கும்.

2019-இல் ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு என்ற திட்டம் தொடங்கியது. 2022 ஜூன் மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் இதில் சேர்ந்தன. இப்போது அவர் பஞ்சாபிலேயே தன் பங்கை வாங்கலாம். இதைச் சாத்தியமாக்கியது வலைதான்.

அவர் மெஷினில் விரல் வைக்கிறார். அப்போது என்ன நடக்கிறது?

மெஷின் ரேகையைப் படிக்கிறது. பிறர் படிக்க முடியாதபடி பூட்டுகிறது. பிறகு பாக்கெட்டுகளாக அனுப்புகிறது. மெஷினுக்குள் சிம் கார்டு இருக்கிறது. அதிலிருந்து டவருக்குப் போகிறது. டவரிலிருந்து இழை வழியாக உணவுத் துறையின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து ஆதார் சர்வருக்குப் போகிறது. ஆதார் சர்வர்கள் பெங்களூரிலும் ஹரியானாவின் மானேசரிலும் இருக்கின்றன. அங்கே ரேகையை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். "ஆம்" அல்லது "இல்லை" என்று பதில் திரும்புகிறது. வெளி மாநில கார்டு என்பதால் அவருடைய பங்கு மீதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாம் சரியானால் சீட்டு வருகிறது.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் இதற்குச் சில நொடிகள்தான். ஆனால் எத்தனை கைகள் மாறுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மெஷின், சிம், டவர், இழை, இரண்டு மூன்று சர்வர்கள். இதில் ஒன்று நின்றாலும் அரிசி நிற்கும். எது நின்றாலும் கடைக்காரர் சொல்வது ஒரே சொல்தான். "நெட்வொர்க் இல்லை."

இன்னொன்றும் உண்டு. கல் உடைப்பவர், பாத்திரம் தேய்ப்பவர், முதியவர் ஆகியோரின் ரேகை தேய்ந்திருக்கும். மெஷினால் படிக்க முடியாது. அது வலையின் குற்றம் இல்லை. வலை சரியாகவே "இல்லை" என்று பதில் கொண்டுவந்திருக்கும்.

எங்கே அறுந்தது?

நல்ல டெக்னீஷியன் எடுத்தவுடன் எல்லாவற்றையும் கழற்ற மாட்டார். பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கித் தூரத்துக்குப் போவார். அவர் பார்க்கும் வரிசை இது.

1. மின்சாரம் இருக்கிறதா? மெஷினில் சார்ஜ் இருக்கிறதா? பாதிப் பழுதுகள் இங்கேயே தீர்ந்துவிடுவது உண்டு.

2. கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா? முனையில் உள்ள பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கிறதா? எலி கடித்திருக்கிறதா?

3. கேபிள் செருகும் இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா? எரிந்தால் கம்பி உயிரோடு இருக்கிறது.

4. கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை. இழை அறுந்திருக்கலாம். அதைக் கடைக்காரரால் சரி செய்ய முடியாது. இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும்.

5. ரௌட்டர் பேசுகிறதா? இதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு சின்னப் பாக்கெட்டை அனுப்பி, "இருக்கிறாயா?" என்று கேட்பார்கள். "இருக்கிறேன்" என்று பதில் வரும். இதற்குப் பிங் என்று பெயர். முதலில் பக்கத்து ரௌட்டரைக் கேட்பார்கள். பிறகு தூரத்துக் கம்ப்யூட்டரைக் கேட்பார்கள். எந்த இடத்துக்கு அப்பால் பதில் வரவில்லையோ அங்கே பழுது.

6. பக்கத்து ஊரில் வேலை நடக்கிறதா? அங்கும் இல்லை, அடுத்த மாவட்டத்திலும் இல்லை என்றால் சர்வரில் பழுது இருக்கலாம்.

முதல் மூன்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆறாவதை ஒரு போன் செய்து கேட்கலாம்.

தோண்டும் முன் கேளுங்கள்

இழை அறுவதற்கு முக்கியக் காரணம் மண் தோண்டுவது. சாலைக்குத் தோண்டுகிறார்கள். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுகிறார்கள். ஜே.சி.பி.யின் ஒரு வெட்டில் பல ஊர்களின் பாதை போய்விடும்.

இதைக் குறைக்க 2023 மார்ச் மாதத்தில் மத்திய அரசு ஒரு செல்போன் செயலியை வெளியிட்டது. அதன் பெயர் "கால் பிஃபோர் யு டிக்". தோண்டும் முன் கேளுங்கள் என்று பொருள். தோண்டப் போகிறவர் இடத்தைத் தெரிவித்தால், மண்ணுக்குள் கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்.

மண்வெட்டி பிடிப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. கேபிள் குழாய் தட்டுப்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும். அறுந்த இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும். இழையின் தூள் கண்ணாடித் தூள். கையில் ஏறினால் எடுப்பது கடினம்.

அறுந்த இழையை முடிச்சுப் போட்டு இணைக்க முடியாது. இரண்டு முனைகளையும் சுத்தமாக வெட்டுவார்கள். நேருக்கு நேர் வைப்பார்கள். மின்பொறியால் உருக்கி ஒட்டுவார்கள். இதற்குத் தனி மெஷின் உண்டு. பழகிய கை வேண்டும்.

பணம் போனது, கைக்கு வரவில்லை

கிராமத்தில் வங்கி முகவர்கள் மெஷினோடு வருகிறார்கள். ஆதார் எண்ணும் ரேகையும் கொடுத்துப் பணம் எடுக்கலாம். இங்கே வலை பாதியில் அறுந்தால் ஒரு தொல்லை வரும்.

ரேகை போய்விட்டது. கணக்கில் பணம் கழிந்துவிட்டது. "சரி" என்ற பதில் திரும்பி வரும் வழியில் வலை நின்றுவிட்டது. முகவரின் மெஷின் "தோல்வி" என்று காட்டும். அவர் பணம் தர மாட்டார். அவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு செய்ய முடியாது. ஆனால் கணக்கில் பணம் குறைந்திருக்கும்.

இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி செய்தது. பணம் கழிந்து, கைக்கு வராமல் போனால், 5 நாட்களுக்குள் கணக்கில் திரும்பச் சேர்க்க வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் போனாலும் இதே விதிதான்.

எனவே மெஷின் "தோல்வி" என்று சொன்னால் உடனே மறுபடி விரல் வைக்கக் கூடாது. முதலில் சீட்டு கேட்க வேண்டும். கணக்கில் எவ்வளவு மீதி என்று பார்க்க வேண்டும். தேதியையும் நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும். பணம் திரும்பாவிட்டால் வங்கியில் எழுத்தில் புகார் தர வேண்டும். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்.

வலை நல்லவர்களுக்கும் திருடர்களுக்கும் ஒரே பாதைதான். போனில் யார் கேட்டாலும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். விரைவாகச் சொன்னால் பணம் வழியிலேயே நிறுத்தப்படலாம்.

அரிசிக்கு வலை, வலைக்கு அரிசி இல்லை

வலை மக்களுக்கு உதவ வந்தது. அது நின்றால் மக்களின் உரிமை நிற்கக் கூடாது.

இதை அரசே சொல்லியிருக்கிறது. ஆதார் இல்லை, ரேகை பதியவில்லை, இணைப்பு இல்லை என்ற காரணங்களுக்காகத் தகுதியுள்ள குடும்பத்துக்கு ரேஷன் மறுக்கக் கூடாது என்று 2017-இல் மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. மாற்று வழியில் கொடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

ஆகவே "நெட்வொர்க் இல்லை" என்று கேட்டவுடன் திரும்பிப் போக வேண்டாம். அமைதியாக நான்கு கேள்விகள் கேட்கலாம்.

மெஷினில் பழுதா, டவரில் பழுதா, சர்வரில் பழுதா?

பக்கத்துக் கடையில் வேலை நடக்கிறதா?

நிறுவனத்துக்கோ அலுவலகத்துக்கோ புகார் சொல்லியாகிவிட்டதா? புகார் எண் என்ன?

ரேகை இல்லாமல் பதிவேட்டில் எழுதிக் கொடுப்பீர்களா?

பதில் கிடைக்காவிட்டால் 1967 என்ற ரேஷன் புகார் எண் இருக்கிறது. மாவட்டக் குறைதீர்ப்பு அதிகாரி இருக்கிறார். தனியாகப் போகத் தயங்குபவர்கள் நாலு பேராகச் சேர்ந்து போகலாம்.

வலையை மனிதர்கள் பின்னினார்கள். அறுந்தால் மனிதர்களால் முடிய முடியும். எங்கே அறுந்தது என்று கேட்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தால் அது சீக்கிரம் நடக்கும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊருக்கு வலை எந்தப் பாதையில் வருகிறது? கம்பியா, இழையா, டவரா?

2. சென்ற மாதம் உங்கள் ரேஷன் கடையில் எத்தனை நாள் மெஷின் நின்றது? யார் சரி செய்தார்கள்?

3. ரேகை தேய்ந்தவர்கள் உங்கள் தெருவில் யார் யார்? அவர்களுக்கு எப்படிப் பொருள் கொடுக்கிறார்கள்?

4. ஒரு கடிதத்தைப் பத்துத் துண்டாக்கி எண் போடுங்கள். கலைத்து நண்பரிடம் கொடுங்கள். ஒரு துண்டை மறைத்து வையுங்கள். எது வரவில்லை என்று அவர் கண்டுபிடிக்கிறாரா?

சொல் அறிவோம்

சர்வர் – தகவலை வைத்திருந்து, கேட்டால் கொடுக்கும் கம்ப்யூட்டர்

பாக்கெட் – தகவலின் சின்னத் துண்டு

ரௌட்டர் – முகவரி பார்த்து வழி அனுப்பும் கருவி

ஐ.பி. முகவரி – வலையில் கம்ப்யூட்டரின் கதவு எண்

கண்ணாடி இழை – ஒளி ஓடும் மெல்லிய நூல்

பிங் – "இருக்கிறாயா?" என்று கேட்கும் சோதனை